நீல் பங்கின் கற்சுவர்களும் நிலப்பதிவேடுகளும்

அயர்லாந்தின் மேற்கே, மேயோ மாவட்டத்தின் தென்பகுதியில், மாஸ்க், காரிப் என்னும் இரண்டு பெரிய ஏரிகளுக்கு இடைப்பட்ட நிலம் சுண்ணாம்புக்கல்லின் மேல் படிந்த மெல்லிய மண்ணாலானது. அங்கே பெய்யும் மழை, ஆறாகத் திரண்டு ஓடுவதைவிடப் பாறை வெடிப்புகளுக்குள் இறங்கி மறைவதே அதிகம். மாஸ்க் ஏரியின் நீர் பூமிக்கு அடியிலேயே பயணம் செய்து, காங் என்னும் சிற்றூரில் ஊற்றுகளாக வெளிப்பட்டுக் காரிப் ஏரியில் கலக்கிறது. குளிர்காலத்தில் குளமாக நிற்கும் பள்ளங்கள் சில, கோடையில் மாடு மேயும் புல்வெளியாகிவிடும். இந்த நிலப்பரப்பில் அமைந்ததுதான் நீல் என்ற சிறு கிராமமும் அதைச் சுற்றிய கத்தோலிக்கப் பங்கும் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள வட்டாரம்). உலக வரலாற்றில் இந்த வட்டாரத்துக்கு ஓர் இடம் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கால்வாயைச் சொல்லியாக வேண்டும். 1840களின் பிற்பகுதியில், உருளைக்கிழங்குப் பயிரை நோய் அழித்து மக்கள் பட்டினியால் மடிந்துகொண்டிருந்தபோது, நிவாரண வேலையாக இரண்டு ஏரிகளையும் இணைக்கும் கால்வாய் ஒன்றை அரசாங்கம் வெட்டத் தொடங்கியது. கல்லை உடைத்து, கரைகட்டி, மதகுகளும் அமைத்தார்கள். ஆனால் அந்தச் சுண்ணாம்புப் பாறை நீரைத் தாங்கி நிறுத்தாது என்பது பிறகே உறைத்தது. 1854இல் வேலை நிறுத்தப்பட்டது. இன்றைக்கும் காங் அருகே அந்தக் கால்வாய் வறண்டுதான் கிடக்கிறது. கட்டுமானம் நேர்த்தியாக இருக்கிறது, ஓட வேண்டிய தண்ணீர்தான் இல்லை. கால்வேயில் தாதியாகப் பணிபுரியும் என் அக்காள் மகளைக் காணச் சென்றிருந்தபோது அதன் கரையில் நடந்தேன். நில அளவை நிறுவனமொன்றில் வரைவாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு, அழகான காட்சிகளைவிட இத்தகைய இடங்களே மனத்தில் நிற்கின்றன.

நான் வாழும் சிங்கப்பூரில் நிலத்தை அடையாளம் காட்ட முக்கிம் (நகருக்கு வெளியே உள்ள அளவைப் பிரிவு) அல்லது நகர உட்பிரிவு, பிறகு மனை எண் என்ற வரிசை உண்டு. 34 முக்கிம்களும் 30 நகர உட்பிரிவுகளுமாக இந்தத் தீவு முழுவதும் பிரிக்கப்பட்டிருக்கிறது. அயர்லாந்தில் மாவட்டம், அதற்குள் பாரனி, அதற்குள் சிவில் பங்கு, கடைசியாக டவுன்லேண்ட் என்று ஓர் அடுக்கு இருக்கிறது. டவுன்லேண்ட் என்பதற்கும் நகரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. தமிழ்நாட்டின் வருவாய்க் கிராமத்தைவிடச் சிறிதான, சராசரியாக 325 ஏக்கர் அளவுள்ள, பெயரிடப்பட்ட ஒரு நிலத்துண்டு அது. நாடு முழுவதும் 61,000க்கும் மேற்பட்டவை உள்ளன. வீட்டு எண்ணோ தெருப்பெயரோ இல்லாத நாட்டுப்புறத்தில் முகவரியே அந்தப் பெயர்தான். சிவில் பங்கு வேறு, கத்தோலிக்கப் பங்கு வேறு என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இடைக்காலத் திருச்சபையின் எல்லைகளை அரசு எடுத்துக்கொண்டு நில அளவைக்கும் வரிக்கும் பயன்படுத்தியது முதல் வகை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகிறவர்கள் இன்று தங்கள் பங்கு என்று சொல்வது இரண்டாவது வகை. இரண்டின் எல்லைகளும் பல இடங்களில் பொருந்துவதில்லை. பழைய பதிவேடுகளைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

சாலையில் செல்லும்போது கண்ணில் படுபவை சுவர்கள். சாந்து வைக்காமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியவை. இடைவெளிகளின் வழியே காற்று புகுந்து போவதால் புயலிலும் சாய்வதில்லை. வயலிலிருந்து பொறுக்கிய கல்லை எங்காவது போட்டாக வேண்டும் என்பதால், வேலி என்ற பயனோடு நிலத்தைச் சுத்தப்படுத்திய பயனும் அவற்றுக்கு உண்டு. இந்தச் சுவர்கள் எல்லாம் ஒரே காலத்தவை அல்ல. வளைந்து நெளிந்து, ஒழுங்கற்ற சிறு கட்டங்களாக நிலத்தைப் பிரிப்பவை பெரும்பாலும் பழையவை. அளவுகோல் வைத்தாற்போல் நேராக ஓடுபவை, யாரோ ஒரு நிலக்கிழாரின் அளவையாளரோ, பின்னர் அரசின் நில ஆணையமோ, வரைபடத்தில் கோடு போட்ட பிறகு எழுந்தவை. சுவரே இல்லாமல் பரந்து கிடக்கும் பெரிய மேய்ச்சல் வெளியைக் கண்டால், அங்கே முன்பு யார் இருந்தார்கள் என்று கேட்கத் தோன்றும்.

நீலுக்குப் பக்கத்து ஊரான பாலின்ரோப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. பஞ்ச காலத்தில் மேயோவில் ஏறத்தாழ 60,000 ஏக்கர் நிலத்தை வைத்திருந்த லூக்கன் பிரபு, 1846க்கும் 1849க்கும் இடையில் பாலின்ரோப் பங்கிலிருந்து மட்டும் சுமார் 2,000 பேரை வெளியேற்றி, 300 வீடுகளுக்கு மேல் இடித்துத் தள்ளினார். காலி செய்யப்பட்ட நிலம் பெரிய மேய்ச்சல் பண்ணைகளாக ஒரு சிலரிடம் குத்தகைக்குப் போனது. (1854இல் கிரிமியப் போரின் பாலக்லாவாவில் குதிரைப்படைக்குத் தலைமை தாங்கியவரும் இதே லூக்கன்தான், அந்தப் போர்க்களத்தை நினைவுகூர்ந்த அளவுக்கு ஆங்கிலேயர்கள் பாலின்ரோப்பை நினைவுகூர்ந்ததில்லை.) 1847ஆம் ஆண்டு சட்டத்தின் ஒரு விதி, கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு அரசின் நிவாரணம் கிடையாது என்றது. சோறு வேண்டுமென்றால் நிலத்தை விட வேண்டும். நிலத்தை விட்டால் திரும்பி வர இடமில்லை. 1841இல் 388,887 ஆக இருந்த மேயோவின் மக்கள்தொகை, 1851இல் 274,499 ஆகக் குறைந்தது. இன்று அது ஏறத்தாழ 138,000.

நிலம் எப்படி ஒரு சில பிரபுக்களிடம் சேர்ந்தது என்பதற்கு அதற்கும் முந்தைய இரண்டு நூற்றாண்டுகளைப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் தளபதி குரோம்வெல்லின் படை நாட்டை அடக்கிய பிறகு, பறிமுதல் செய்த நிலத்தைப் படைவீரர்களுக்கும் கடன் கொடுத்தவர்களுக்கும் பகிர்ந்தளிக்க அளவை தேவைப்பட்டது. வில்லியம் பெட்டி என்ற மருத்துவர் 1650களின் நடுவில் அந்த வேலையை எடுத்து, பங்கு வாரியாக வரைபடங்களை வரைந்து முடித்தார். ஒரு நாட்டையே இவ்வளவு விரைவாக அளந்த வேலை என்று என் தொழில்சார்ந்த மனம் வியக்கிறது. எதற்காக அளந்தார்கள் என்பதை எண்ணும்போது அந்த வியப்பு கசக்கிறது. 1641இல் நாட்டு நிலத்தில் பாதிக்கு மேல் கத்தோலிக்கர்களிடம் இருந்தது. 1703இல் அது சுமார் 14 விழுக்காடு. 1704ஆம் ஆண்டுச் சட்டம் மிச்சத்தையும் குறிவைத்தது: கத்தோலிக்கர் இறந்தால் அவருடைய நிலத்தை மகன்கள் அனைவருக்கும் துண்டுபோட வேண்டும், மூத்தவர் அரசின் புராட்டஸ்டன்ட் திருச்சபைக்கு மாறினால் மட்டும் முழுவதும் அவருக்கே. கத்தோலிக்கர் 31 ஆண்டுகளுக்கு மேல் குத்தகை எடுக்கவும் தடை இருந்தது. நீல் கிராமத்தின் நிலக்கிழார்களான பிரவுன் குடும்பத்தினர் 1789இல் கில்மெய்ன் பிரபுக்கள் ஆனார்கள். அவர்களுடைய மாளிகைத் தோட்டத்தில் அலங்காரத்துக்காகக் கட்டப்பட்ட படிக்கட்டுப் பிரமிடு ஒன்று இன்றும் நிற்கிறது. வாரம், அதாவது நிலத்துக்கான குத்தகைப் பணம், நிலத்தை உழுத குடித்தனக்காரர்களுடையது, பிரமிடு பிரபுவுடையது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அளவை மீண்டும் வந்தது. 1824இல் தொடங்கிய ஆர்ட்னன்ஸ் அளவை, ஒரு மைலுக்கு ஆறங்குலம் என்ற அளவில் முழு நாட்டையும் வரைந்தது. அதை அடிப்படையாகக் கொண்டு ரிச்சர்ட் கிரிஃபித் நடத்திய மதிப்பீடு 1847 முதல் 1864 வரை பகுதி பகுதியாக அச்சானது. ஒவ்வொரு டவுன்லேண்டுக்கும் அனுபவிப்பவர் பெயர், அவர் யாரிடமிருந்து குத்தகை பெற்றார், நிலத்தின் பரப்பு, நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனி மதிப்பு ஆகியவை அதில் பத்தி பத்தியாக இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். என் வீட்டுத் திரையில் அந்தப் பக்கங்களைத் திறந்து, பக்கத்தில் பழைய ஆறங்குல வரைபடத்தை வைத்துக்கொண்டால் நேரம் போவதே தெரிவதில்லை. குத்தகை கொடுத்தவர் என்ற பத்தியில் ஒரே பிரபுவின் பெயர் பக்கம் பக்கமாக இறங்கிக்கொண்டே போகும். 1870களில் நாட்டு நிலத்தில் பாதியளவு ஏறத்தாழ 750 குடும்பங்களிடம் இருந்தது என்ற கணக்கு அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படுகிறது.

இப்போது மாஸ்க் ஏரிக்கரைக்கு வருவோம். அங்கே எர்ன் பிரபுவுக்குச் சுமார் 1,500 ஏக்கர் எஸ்டேட் இருந்தது. அவருடைய பெரிய சொத்துகளெல்லாம் வடக்கே இருந்ததால், இங்கே வாரம் வசூலிக்கச் சார்லஸ் பாய்காட் என்ற முன்னாள் படை அதிகாரியை முகவராக வைத்திருந்தார். 1879இல் விளைச்சல் மோசமானது. அந்த ஆண்டு ஏப்ரலில் தெற்கு மேயோவின் ஐரிஷ்டவுனில் பெருங்கூட்டம் நடந்தது; ஆகஸ்டில் காசல்பாரில் மேயோவின் நிலச் சங்கமும், அக்டோபரில் டப்ளினில் தேசிய நிலச் சங்கமும் அமைந்தன. முன்னின்றவர் மைக்கேல் டாவிட். நான்கு வயதில் மேயோவில் தம் பெற்றோரின் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர் அவர். 1880இல் எர்ன் பிரபுவின் குடித்தனக்காரர்கள் வாரத்தில் 25 விழுக்காடு குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 விழுக்காட்டுக்கு மேல் இறங்கவில்லை. செப்டம்பரில் வெளியேற்ற அறிவிப்புகளை ஒட்ட வந்தவரைப் பெண்கள் கல்லும் சேறும் வீசித் துரத்தினார்கள்.

அடுத்து நடந்ததை உலகமே அறியும். அதனால்தான் அந்த முகவரின் பெயர், புறக்கணிப்பது என்ற பொருளில், பல மொழிகளில் வினைச்சொல்லாகிவிட்டது. வயல்வேலைக்காரர்கள் வரவில்லை. வீட்டு வேலையாட்கள் நின்றுவிட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்கவில்லை, வண்ணார் துணி எடுக்கவில்லை, கடைக்காரர்கள் பொருள் கொடுக்கவில்லை. நீல் பங்குத்தந்தை ஜான் ஓமாலி, கைகலப்பு கூடாது என்று மக்களைக் கட்டுக்குள் வைத்திருந்தார். நவம்பரில், வடக்கிலிருந்து 50 தொண்டர்கள் ஏறத்தாழ 1,000 படைவீரர்களின், காவலர்களின் பாதுகாப்போடு வந்து அறுவடை செய்தார்கள். சில நூறு பவுண்டு மதிப்புள்ள விளைச்சலைக் காப்பாற்ற அரசுக்கும் ஆதரவாளர்களுக்கும் ஆன செலவு சுமார் 10,000 பவுண்டு. மாதம் முடிவதற்குள் பாய்காட் ஊரைவிட்டுப் போனார்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாகக் குடித்தனக்காரர்களின் வெற்றி என்று முடிப்பார்கள். என் கண் வேறொரு இடத்தில் நிற்கிறது. பாய்காட்டை முடக்கியது வாரம் கொடுக்க மறுத்தவர்களைவிட, வேலைக்கு வர மறுத்தவர்கள்தான். அந்த வயல்வேலைக்காரரும் வீட்டு வேலைக்காரரும் யாருடைய குத்தகைப் பட்டியலிலும் ஐந்து ஏக்கர்கூட இல்லாதவர்கள். தங்கள் கூலியை இழந்து ஒரு போராட்டத்தை வெல்லச் செய்தார்கள். வென்ற பிறகு வந்த சட்டங்கள் யாருக்கு என்ன கொடுத்தன என்று பார்த்தால், அவர்கள் கைக்கு வந்தது மிகக் குறைவு.

1881ஆம் ஆண்டுச் சட்டம் நியாயமான வாரம், குத்தகை நிலைப்பு, குத்தகை உரிமையை விற்கும் சுதந்திரம் என்ற மூன்றையும் குடித்தனக்காரருக்கு அளித்தது. 1885, 1903, 1909 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அரசுக் கடனில் அவரே நிலத்தை வாங்க வழிசெய்தன. 1903ஆம் ஆண்டின் விண்டம் சட்டப்படி ஆண்டுக்கு 3.25 விழுக்காடு வீதம் 68 ஆண்டுகளுக்கு மேல் தவணை. பழைய வாரத்தைவிட அது பெரும்பாலும் குறைவாகவே இருந்தது. 1870இல் தாமே உழும் நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தோர் நூற்றுக்கு மூவர்தான். 1929இல் 97 பேருக்கு மேல். ஒரு நாட்டின் நிலவுடைமை, புரட்சிப் படுகொலை இல்லாமல் இரண்டு தலைமுறைக்குள் இப்படிப் புரண்டதற்கு ஈடாக வேறு எதையும் நான் படித்ததில்லை. ஆனால் வாங்கும் உரிமை, ஏற்கெனவே குத்தகை வைத்திருந்தவருக்கே கிடைத்தது. 30 ஏக்கர் குத்தகை வைத்திருந்தவர் 30 ஏக்கருக்குச் சொந்தக்காரர் ஆனார். ஒன்றுமில்லாதவர் ஒன்றுமில்லாதவராகவே இருந்தார். 1883 முதல் வந்த வேறு சட்டங்கள் தொழிலாளருக்கு அரை ஏக்கர், பிறகு ஒரு ஏக்கர் நிலத்தோடு சிறு வீடுகளைக் கட்டித் தந்தன. முதல் உலகப் போருக்குள் 40,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. அவற்றிலும் மேயோ போன்ற மேற்கு மாவட்டங்களின் பங்கு சிறிது.

மன்னார்குடி பக்கம் வேர் உள்ளவனுக்கு இது பழகிய கணக்கு. 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரரைக் காப்பாற்றியது. பண்ணையில் கூலிக்கு உழைத்தவருக்கு 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டம் தந்தது, அவர் குடிசை நின்ற மனையை. வயல் வேறொருவருடைய பட்டாவிலேயே இருந்தது. என் தந்தையார் சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்துக்கு வேலை தேடி வந்ததற்குக் காரணம், குத்தகைதாரர், கூலிக்காரர் என்ற இந்த இரண்டு பட்டியல்களில் எங்கள் குடும்பம் எதில் இருந்தது என்பதே. மேயோவிலிருந்து லிவர்பூலுக்கும் பாஸ்டனுக்கும் கப்பலேறியவர்களின் கதையும் அதேதான். சொந்தக்காரர் ஆன குடும்பங்களிலும்கூட, பண்ணையைத் துண்டுபோடாமல் ஒரு மகனுக்கே விடும் வழக்கம் பஞ்சத்துக்குப் பிறகு உறுதிப்பட்டதால், மற்றப் பிள்ளைகள் கடல் கடந்தார்கள்.

அரசுக் கடனில் வாங்கிய நிலத்தைக் கட்டாயமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று 1891ஆம் ஆண்டுச் சட்டம் விதித்ததால், அயர்லாந்தின் கிராமப்புற நிலம் பெரும்பகுதி உரிமைப் பதிவேட்டுக்குள் வந்துவிட்டது. இங்கே நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றையும் சொல்ல வேண்டும். பதிவேடே உரிமைக்கு ஆதாரம் என்ற முறையை 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் நிலைநாட்டிய ராபர்ட் டாரன்ஸ், அயர்லாந்தின் கார்க் நகரில் பிறந்தவர். சிங்கப்பூரின் 1956ஆம் ஆண்டு நில உரிமைச் சட்டம் அந்த முறையையே கொண்டுவந்தது. நம் வீடுகளின் உரிமைப் பத்திரங்கள் ஒருவகையில் ஐரிஷ்காரர் ஒருவருக்குக் கடன்பட்டவை.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஐரிஷ் பதிவேட்டு வரைபடம் எல்லையை முடிவாக உறுதி செய்வதில்லை. சுவர் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும், எல்லை அந்தச் சுவரின் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லாது. என்னோடு வேலை பார்த்த மூத்த அளவையாளரிடம் இதைச் சொன்னபோது அவர் நம்பவில்லை.

“என்ன தம்பி சொல்றே? சுவருக்கு நடுவா, அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?”

“அது பக்கத்து வீட்டுக்காரரோட பேசி முடிவு பண்றதாம் அண்ணே.”

“நம்ம ஊருல இப்படி ஒரு பிளான் வரைஞ்சிருந்தா உன்னையும் என்னையும் அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.”

அவர் சொல்வது சரிதான். 2004 முதல் சிங்கப்பூரில் மனையின் மூலைகள் ஆயத்தொலைவு எண்களாலேயே உறுதி செய்யப்படுகின்றன. எல்லைக்கல் பெயர்ந்தாலும் எல்லை பெயராது. இங்கே நிலம் மிகச் சிறிது, விலை மிக அதிகம், துல்லியம் தவிர்க்க முடியாதது. அங்கே ஒரு சுவரின் இரண்டு பக்கத்தையும் மூன்று தலைமுறையாக ஒரே குடும்பங்கள் வைத்திருப்பதால், அரை அடி பற்றிய கேள்வி எழாமலே போகிறது. எழுந்துவிட்டால், நூறு ஆண்டுப் பகையாகிறது.

நிலவுடைமையிலும் இரு நாடுகளும் நேரெதிர் திசையில் சென்றன. இங்கே 1960இல் தீவின் நிலத்தில் 44 விழுக்காடு அரசிடம் இருந்தது. 1966ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்துக்குப் பிறகு, 1985இல் அது 76 விழுக்காடு ஆயிற்று. கம்பங்கள் எனப்பட்ட சிற்றூர்களும் ரப்பர் தோட்டங்களும் போய், 99 ஆண்டுக் குத்தகையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள் வந்தன. கன்பரா சாலையிலிருந்த புனித மரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம்கூட ஈசூனுக்கு இடம் மாறியது. அயர்லாந்தில், வயலின் நடுவே கிடக்கும் ஆயிரம் ஆண்டுப் பழமையான வட்ட மண்கோட்டையைத் தேவதைகளின் இடம் என்று சொல்லி, டிராக்டரைச் சுற்றி ஓட்டுகிற விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். நாம் பறிகொடுத்தோம் என்று புலம்ப நான் இதைச் சொல்லவில்லை. நிலமே இல்லாத ஒரு கடற்படைத் தளத் தொழிலாளியின் பிள்ளைகள் வீட்டுக்குரியவர்கள் ஆனது, நிலம் அரசின் கையில் இருந்ததால்தான். நீல் பங்கின் வயல்வேலைக்காரருக்கு அப்படி ஒரு வழி திறக்கவில்லை. 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நில ஆணையம் பெரிய மேய்ச்சல் பண்ணைகளைக் கட்டாயமாக எடுத்துப் பிரித்தபோதும் பெரும்பாலும் முன்னுரிமை பெற்றவர்கள், பக்கத்தில் ஏற்கெனவே கொஞ்சம் நிலம் வைத்திருந்தவர்களே. கோனமாராவிலிருந்து குடும்பங்களை 1935இல் மீத் மாவட்டத்தின் ராத் கேர்னுக்குப் பெயர்த்து, குடும்பத்துக்குச் சுமார் 22 ஏக்கர் கொடுத்தது போன்ற முயற்சிகள் விதிவிலக்குகள்.

இன்று அந்தப் பக்கம் நிலம் விற்பனைக்கு வருவது அபூர்வம். பிள்ளைகள் டப்ளினிலோ சிக்காகோவிலோ இருந்தாலும் பண்ணையைக் கைவிடுவதில்லை. பக்கத்து விவசாயிக்கு மேய்ச்சலுக்கு விடுகிறார்கள். அந்த ஒப்பந்தம் வழக்கமாகப் பதினொரு மாதத்துக்குத்தான். ஓராண்டைத் தொட்டால் மேய்ப்பவர் குத்தகைதாரர் ஆகி நிலத்தில் உரிமை கோரலாம் என்ற பழைய அச்சமே காரணம். அந்த ஒப்பந்தங்களை எழுதுகிறவர்களில் பலர், 1880இல் குத்தகை நிலைப்பு கேட்டு நின்ற குடும்பங்களின் கொள்ளுப்பேரர்கள். நீண்டகாலக் குத்தகைக்கு விடுபவர்களுக்கு வருமான வரிச் சலுகை தந்து அரசாங்கம் இந்தப் பழக்கத்தை மாற்றப் பார்க்கிறது. ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறார்கள் என்று கால்வேயில் ஒரு பண்ணைக்காரர் சொன்னார். தம்முடைய பதினாறு ஏக்கரை மட்டும் அவர் இன்னும் பதினொரு மாதத்துக்குத்தான் விடுகிறாராம்.